வீல் வெளியே தள்ளிப்போனால் பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா?

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “என்னுடைய கார் முன்சக்கர இயக்கம் கொண்டது, வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனம் பொருத்திக் கொடுத்த 15 அங்குல வீல்களில் 70,000 கி.மீ. ஓடிய பிறகு, தோற்றத்துக்காக 17 அங்குல அலாய் வீல்களுக்கு மாறினேன். பழைய வீலின் உட்புறத்தில் 6ஜே, ஈடி 45 என்றும், புதியதில் 7.5ஜே, ஈடி 25 என்றும் பொறித்திருக்கிறது. டயர் 185/65-இலிருந்து 205/45 ஆகியிருக்கிறது. இன்னும் 9,000 கி.மீ. கூட ஓடவில்லை; 60 கி.மீ. வேகத்தைத் தாண்டியதும் முன் வலப்பக்கத்திலிருந்து விமானம் கிளம்புவதுபோல் ஓர் இரைச்சல் கேட்கிறது. ஒருபக்கச் சக்கரங்கள் சாலையோர மணலில் இறங்கியிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகிறது. முன்பு இப்படி இருந்ததில்லை. வீல் விற்ற கடைக்காரர், உட்பக்க இடைவெளி பழையபடியேதான் இருக்கிறது, பேரிங்கை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். பின்வீல்களும் முன்வீல்களைப்போல வெளியே தெரிய 10 மி.மீ. ஸ்பேசர் (ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே வைக்கும் வட்டத் தகடு) போடலாம் என்றும் சொல்கிறார். செய்யலாமா?”

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கவலை முழுவதும் பேரிங்கின்மேல் இருக்கிறது. எனக்குக் கவலை தந்தது, போகிறபோக்கில் நீங்கள் குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோன அந்த மணல் சம்பவம். பேரிங் கெட்டால் பெரும்பாலும் பல நாட்கள் முன்கூட்டியே சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் கெடும். பிரேக் பிடிக்கும் நேரத்தில் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் பார்க்கிறது என்பது மாறிப்போயிருந்தால், அது அவசரமாக பிரேக் பிடிக்கும் அந்த ஒரு நொடியில்தான் தெரியவரும். இரண்டிலும் புதிய வீலுக்குப் பங்கு உண்டு என்பதால், கடைக்காரரின் அளவிலிருந்தே தொடங்குகிறேன்.

வீலை ஹப்போடு, அதாவது பேரிங்கில் சுழலும், வீல் மாட்டப்படும் நடுப்பகுதியோடு, சேர்த்து இறுக்கும் தட்டையான முகத்துக்கும், வீலின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையிலுள்ள தூரமே ஆஃப்செட். ஈடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் எண் அதை மில்லிமீட்டரில் சொல்கிறது. அந்த முகம் நடுக்கோட்டைவிட வெளிப்பக்கமாக, அதாவது சாலையிலிருந்து பார்க்கிறவரின் பக்கமாக இருந்தால் அது நேர் ஆஃப்செட். இன்றைய கார்களில் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். எண் குறையக் குறைய வீல் மொத்தமாக வெளியே தள்ளிப்போகும். 45-இலிருந்து 25-க்கு வந்ததால் உங்கள் வீலின் நடுக்கோடு ஒவ்வொரு பக்கமும் 20 மி.மீ. வெளியே போயிருக்கிறது, இடவல முன்சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 40 மி.மீ. கூடியிருக்கிறது.

அப்படியானால் கடைக்காரர் சொன்னது பொய்யா என்றால், அதுவும் இல்லை. 6 அங்குல அகலம் என்பது 152.4 மி.மீ.; அதில் பாதி 76.2, அதோடு 45-ஐக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உட்பக்கமாக 121.2 மி.மீ. வருகிறது. 7.5 அங்குலத்தில் பாதி 95.25, அதோடு 25-ஐக் கூட்டினால் 120.25. உட்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை, ஆகவே ஷாக் அப்சார்பரில் உரசாது, பிரேக் பாகங்களில் இடிக்காது. இதே கணக்கை வெளிப்பக்கத்துக்குப் போட்டுப்பாருங்கள்: பழையதில் 31.2 மி.மீ., புதியதில் 70.25 மி.மீ. அகலப்படுத்திய 38 மி.மீ. முழுவதும், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும், வெளிப்பக்கத்துக்கே போயிருக்கின்றன. கடைக்காரர் அளந்தது உட்பக்க விளிம்பை. காரின் பாரம் தரையில் இறங்குவது விளிம்பின் வழியாக அல்ல, டயரின் நடுக்கோட்டின் வழியாக; அந்தக் கோடு நகர்ந்ததை அவருடைய அளவுகோல் பார்க்கவே இல்லை. பொருந்துகிறதா என்ற கேள்விக்கு அவர் சரியாக விடை சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது மட்டுமல்ல.

முன்சக்கரம் திரும்புவது ஒரு சாய்ந்த அச்சைச் சுற்றி. உங்கள் கார் போன்ற அமைப்பில் அந்த அச்சு ஷாக் அப்சார்பரின் மேல்முனையையும் கீழே இருக்கும் பால் ஜாயிண்டையும் (உருண்டை மூட்டு) இணைக்கும் கற்பனைக் கோடு. அதைத் தரைவரை நீட்டினால் அது தரையைத் தொடும் புள்ளிக்கும், டயர் தரையில் பதியும் இடத்தின் நடுவுக்கும் இடையே பக்கவாட்டில் இருக்கும் இடைவெளியை ஸ்கிரப் ரேடியஸ் என்பார்கள். சில மில்லிமீட்டர்களே இருக்கும் இந்த இடைவெளியை வடிவமைப்பாளர்கள் மிகுந்த கவனத்தோடு தீர்மானிக்கிறார்கள். டயரின் நடு அச்சுப் புள்ளிக்கு வெளியே இருந்தால் நேர் மதிப்பு, உள்ளே இருந்தால் எதிர் மதிப்பு. முன்சக்கர இயக்கக் கார்கள் பலவற்றில் அது எதிர் மதிப்பாகவோ பூஜ்யத்தை ஒட்டியோ இருக்கும்படி வைக்கப்படுகிறது. 1972-இல் வந்த ஆடி 80 இந்த ஏற்பாட்டுக்காகவே பேசப்பட்ட கார்.

எதற்காக எதிர் மதிப்பு? ஒருபக்கச் சக்கரம் நல்ல தாரிலும் மறுபக்கச் சக்கரம் மணலிலும் இருக்கும்போது பிரேக் பிடித்தால், தாரில் இருக்கும் சக்கரம் நன்றாகப் பிடிக்கும், மணலில் இருப்பது வழுக்கும். ஆகவே கார் தார் பக்கமாகத் திரும்ப முனையும். ஸ்கிரப் ரேடியஸ் எதிர் மதிப்பாக இருந்தால், பலமாகப் பிடிக்கும் அதே சக்கரத்தை பிரேக் விசை சற்று உள்நோக்கித் திருப்பும். அதாவது வண்டி எந்தப் பக்கம் போகப் பார்க்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங் தானாகவே கொஞ்சம் திரும்பி, ஓட்டுநர் உணர்வதற்கு முன்பே திருத்தம் நடந்துவிடும். நேர் மதிப்பாக இருந்தால் எல்லாம் தலைகீழ்: வண்டி எந்தப் பக்கம் இழுபடுகிறதோ அதே பக்கமாக ஸ்டியரிங்கும் இழுபடும். பிரேக் குழாய்களைக் குறுக்காகப் பிரித்து, ஒரு முன்சக்கரத்தையும் அதற்குக் குறுக்கே உள்ள பின்சக்கரத்தையும் ஒரே சுற்றில் இணைத்திருக்கும் கார்களில், ஒரு சுற்று பழுதானால் ஒரே ஒரு முன்சக்கரம்தான் பிடிக்கும். அந்த நிலையிலும் காரை நேராக நிறுத்த உதவுவது இந்த எதிர் மதிப்புதான்.

உங்கள் காரின் துல்லியமான அளவு என்னிடம் இல்லை. ஓர் எடுத்துக்காட்டாக எதிர் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். வீல் 20 மி.மீ. வெளியே போனதும் அது நேர் 10 மி.மீ. ஆகிவிடும். ஒரு சக்கரத்தில் பிரேக் விசை 3,000 நியூட்டன் என்றால், முன்பு 30 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வண்டியைத் திருத்தும் திசையில் வேலை செய்த முறுக்கு, இப்போது அதே 30 அளவுக்குக் கெடுக்கும் திசையில் வேலை செய்யும். சமமான சாலையில் நேராகப் பிரேக் பிடிக்கும்போது இடது வலது இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுவதால் இந்த வித்தியாசம் தெரிவதே இல்லை. “கடையிலிருந்து ஓட்டிவந்தேன், நன்றாகத்தானே இருந்தது” என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம். மணல், ஒருபக்கம் மட்டும் ஈரம், ஓடும்போது ஒரு டயர் வெடிப்பது, ஒருபக்கம் பள்ளத்தில் இறங்குவது எனச் சமநிலை குலையும் இடங்களில்தான் ஸ்டியரிங் கையைவிட்டுப் போகப் பார்க்கும். உங்களுக்கு நேர்ந்தது இந்த வர்ணனையோடு அப்படியே பொருந்துகிறது. பேரிங்கை எத்தனை முறை மாற்றினாலும் இது மாறாது.

இனி பேரிங். இன்றைய கார்களின் வீல் பேரிங்கில் பெரும்பாலும் குண்டுகள் இரண்டு வரிசைகளாக, ஒன்று உட்பக்கமும் மற்றது வெளிப்பக்கமுமாக இருக்கும். பாரம் இரு வரிசைகளுக்கும் நடுவே இறங்கினால் இரண்டும் சமமாகச் சுமக்கும். ஒரு முன்சக்கரத்தின்மேல் 400 கிலோ, அதாவது ஏறத்தாழ 4,000 நியூட்டன் இறங்குகிறது என்றும், இரு வரிசைகளும் தாங்கும் புள்ளிகளுக்கு இடையே 60 மி.மீ. தூரம் என்றும் கொள்வோம். பாரம் நடுவில் விழுந்தால் வரிசைக்கு 2,000. அதை 20 மி.மீ. வெளியே நகர்த்தினால் வெளிவரிசைக்கு ஏறக்குறைய 3,330, உள்வரிசைக்கு 670. தண்ணீர்க் குடத்தை உடலோடு அணைத்து இடுப்பில் வைப்பதற்கும், கையை நீட்டி அதே குடத்தைப் பிடிப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. எடை கூடவில்லை, இடம்தான் மாறியது. குண்டு பேரிங்கின் ஆயுள் பாரத்தின் மூன்றாம் அடுக்குக்கு (கனத்துக்கு) எதிர்விகிதத்தில் குறையும் என்பது பேரிங் தேர்வில் எங்கும் பயன்படும் விதி. பாரம் 1.67 மடங்கானால், அந்த வரிசையின் கணக்கு ஆயுள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும்.

ஆனால் இந்த ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு போய்க் கடைக்காரரோடு சண்டையிட வேண்டாம். நிறுவனத்தின் வீலிலேயே பாரம் மிகச் சரியாக நடுவில் விழும் என்று சொல்ல முடியாது. மேலும், பேரிங்குக்குப் பெரிய சோதனை நேர்ச்சாலையில் இல்லை, வளைவில் இருக்கிறது. ஓரளவு வேகமாக வளையும்போது வெளிப்பக்கச் சக்கரத்தின் அடியில் 1,500 நியூட்டன் பக்கவிசை பிறந்தால், 0.3 மீட்டர் டயர் ஆரத்தின் வழியே அது பேரிங்கில் 450 நியூட்டன் மீட்டர் திருப்புவிசையாக ஏறும். அந்தச் சக்கரத்தின்மேல் அப்போது 5,000 நியூட்டன் பாரம் இருந்தாலும், 20 மி.மீ. ஆஃப்செட் மாற்றத்தால் வருவது 100 மட்டுமே. அதுவும், வளைவின் வெளிப்பக்கச் சக்கரத்தில் இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் வேலை செய்கின்றன. உட்பக்கச் சக்கரத்தில்தான் ஒன்றோடொன்று சேர்கின்றன, அங்கோ பாரமும் பக்கவிசையும் குறைவு. ஆஃப்செட் குறைந்தால் பேரிங் உடனே போய்விடும் என்று மிரட்டுகிறவர்களும், ஒன்றுமே ஆகாது என்று தேற்றுகிறவர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் உண்மை இதுதான்: நேராக ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் வெளிவரிசை தன் பங்குக்கு மேல் சுமந்துகொண்டே இருக்கும், பள்ளத்தில் விழும் ஒவ்வொரு அடியும் முன்பைவிட நீண்ட நெம்புகோலின் வழியே அதன்மேல் இறங்கும்.

அந்த அடிகளைப் பற்றி ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் பழைய டயரின் பக்கச்சுவர் 120 மி.மீ. உயரம், புதியது 92 மி.மீ. அதிர்வை உள்வாங்கிக்கொண்டிருந்த ரப்பரும் காற்றும் ஏறக்குறைய கால்பங்கு குறைந்துவிட்டன. ஒரே ஒரு பலமான அடியில் குண்டுகள் ஓடும் பாதையில் நுண்ணிய குழி விழுந்தால் போதும், அங்கிருந்து அரிப்பு தொடங்கி இரைச்சலாக வளரும். 70,000 கி.மீ. ஏற்கெனவே ஓடிவிட்ட பேரிங் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் பேரிங்கை ஆஃப்செட் மட்டும் தின்றுவிட்டது என்று நான் எழுத மாட்டேன். வயதான ஒன்றின்மேல் ஆஃப்செட், பக்கச்சுவர் உயரம் குறைந்த டயர், பள்ளங்கள் மூன்றும் சேர்ந்து விழுந்திருக்கின்றன.

இரைச்சல் உண்மையிலேயே பேரிங்கிலிருந்துதான் வருகிறதா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். சீராகத் தேயாமல் அலையலையாகத் தேய்ந்த டயரும் அச்சு அசலாக இதே சத்தத்தைப் போடும். காலியான நேர்ச்சாலையில் மிதமான வேகத்தில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப்பாருங்கள்; இடப்பக்கம் திருப்பும்போது வலப்பக்கச் சக்கரத்தில் பாரம் ஏறும், அப்போது இரைச்சல் கூடி, வலப்பக்கம் திருப்பும்போது குறைந்தால் வலது பேரிங்கின் மீதே சந்தேகம் விழும். பிறகு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டின்மேல் பத்திரமாக நிறுத்தி, ஒருவர் சக்கரத்தைக் கையால் சுழற்ற, மற்றவர் சுருள்வில்லின்மேல் விரல் நுனிகளை லேசாக வைக்க வேண்டும். நல்ல பேரிங்கில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கெட்டதில் மணலை அரைப்பதுபோன்ற நறநறப்பு கம்பிச்சுருளின் வழியே விரலில் ஏறும். காதைவிட விரலை நான் அதிகம் நம்புகிறேன். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பேரிங் அல்லது பால் ஜாயிண்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் தெரிந்தால் ஸ்டியரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் டை ராட்டின் முனையைப் பாருங்கள்.

ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் இப்படி இரைச்சலோடு வந்த ஒரு காருக்குப் பேரிங் மாற்றிக் கொடுத்தேன். சில மாதங்களில் அதே பக்கம், அதே சத்தம். உதிரிபாகம் தரமில்லை என்று முடிவுகட்டி, வேறு தயாரிப்பு வாங்கி மறுபடியும் மாற்றினேன். மூன்றாம் முறை வந்தபோதுதான் வீலின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தேன். ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே, பிரேக் தூசி படிந்து கருத்துப்போன ஒரு ஸ்பேசர் உட்கார்ந்திருந்தது. இரண்டு முறை கழற்றியும் அதை ஹப்பின் ஒரு பகுதி என்றே நினைத்துத் திரும்ப மாட்டியிருந்தேன். அன்றிலிருந்து பேரிங் புகாரோடு வரும் எந்த வண்டியிலும் முதலில் வீலின் ஈடி எண்ணைப் படித்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்கிறேன்.

ஸ்பேசர் பற்றிய உங்கள் கேள்விக்குச் சுருக்கமான விடை: வேண்டாம். பின்சக்கரங்கள் திரும்புவதில்லை என்பதால் ஸ்கிரப் ரேடியஸ் தொல்லை அங்கே இல்லை என்பது உண்மை. ஆனால் 10 மி.மீ. ஸ்பேசர் என்பது ஈடி 25-ஐ ஈடி 15 ஆக்குவதேயாகும். பேரிங்குக்கு இரண்டும் ஒன்று. அதைவிட மோசமானது நட்டின் பிடி. 12 மி.மீ. தடிமனும் 1.5 மி.மீ. புரியிடையும் கொண்ட ஸ்டட்டில் (நட்டு ஏறும் திருகுத்தண்டு), 10 மி.மீ. ஸ்பேசர் ஆறரைச் சுற்றுக்கு மேல் விழுங்கிவிடும். வீலை ஹப்பில் நிறுத்திவைப்பது ஸ்டட்டின் குறுக்கு வலிமை அல்ல. ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டரில் இறுக்கும்போது ஒவ்வொரு ஸ்டட்டும் சுமார் 4 டன் விசையோடு இழுத்து, வீலின் முகத்தையும் ஹப்பின் முகத்தையும் அழுத்திப் பிடிக்க, அந்த இரு முகங்களுக்கு இடையே பிறக்கும் உராய்வுதான் பாரம் முழுவதையும் தாங்குகிறது. புரி போதாத நட்டு அந்த இழுவிசையைத் தாங்காது. போதாக்குறைக்கு, ஹப்பின் நடுவில் வீலை மையப்படுத்த ஒரு வட்ட விளிம்பு இருக்கும். தனக்கென்று அப்படி ஒரு விளிம்பு இல்லாத ஸ்பேசர் அதை மூடிவிட்டால், வீல் மையம் தவறி உட்கார்ந்து, அதிர்ந்து, நட்டைத் தானே தளர்த்தும். பின்சக்கரம் உள்ளடங்கித் தெரிவது கண்ணுக்கு ஒரு குறை, அவ்வளவுதான்.

ஆகவே, பேரிங் வாங்குவதற்கு முன்பு பழைய 15 அங்குல வீல்களைத் திரும்ப மாட்டுங்கள். அவை கைவசம் இருக்கும் என்று நம்புகிறேன். அதே வீல்களில் மேலே சொன்ன சோதனைகளைச் செய்தால், இரைச்சல் டயரிலிருந்தா பேரிங்கிலிருந்தா என்பதும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிடும். பேரிங்தான் என்றால் மாற்றுங்கள். மாற்றுபவர் சுத்தியலால் அடித்து ஏற்றாமல் பிரஸ்ஸில் வைத்து அழுத்துகிறாரா, அழுத்தும் விசை குண்டுகளின் வழியே போகாமல் இறுக்கமாகப் பொருந்தும் வளையத்தின்மேல் மட்டும் விழுகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புதிய பேரிங்கை மாட்டும்போதே கெடுத்துவிடுவது நாம் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது. ஏபிஎஸ் உணரிக்கான காந்த வளையம் பேரிங்கிலேயே பொதிந்திருக்கும் மாடலாக இருந்தால், அந்தப் பக்கம் உணரியை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஏபிஎஸ் விளக்கு அணையாது. அச்சு நட்டு புதியதாக இருக்கட்டும், நிறுவனம் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்கட்டும்.

அலாய் வீல் ஆசையை முற்றிலும் விட்டுவிடச் சொல்லவில்லை. 6.5 அங்குல அகலமும் அதே ஈடி 45-உம் கொண்ட வீல் கிடைத்தால் உள்ளும் புறமும் 6.35 மி.மீ. மட்டுமே கூடும், நடுக்கோடு நகராது. 7 அங்குலம் என்றால் இருபக்கமும் 12.7 மி.மீ.; உட்பக்கத்தில் ஷாக் அப்சார்பருக்கு இடம் இருக்கிறதா என்று அளந்த பிறகே முடிவு செய்ய வேண்டும். நிறுவனத்தின் ஈடியிலிருந்து 5 மி.மீ.க்கு மேல் விலகும் வீலை என் கையால் நான் மாட்டுவதில்லை. இது சட்டம் அல்ல, என் பழக்கம். ஈடியைக் கூட்டினால் பாதுகாப்பு கூடும் என்றும் எண்ண வேண்டாம். அப்போது பாரம் உள்வரிசையை நோக்கி நகரும், டயர் உள்ளே உரசும். உங்கள் 205/45 டயரின் பக்கவாட்டில் உள்ள பாரக் குறியீட்டையும் ஒருமுறை பாருங்கள்: 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ, 88 என்றால் 560 கிலோ. பழைய டயரில் 88 இருந்து புதியதில் 84 இருந்தால், முழுப் பாரத்தோடு நெடுந்தூரம் போகத் தகுதியான டயர் அதுவல்ல.

பழைய வீலுக்கு மாறும்போது பழைய நட்டுகளையே பயன்படுத்துங்கள். அலாய் வீலோடு வந்த நட்டின் கூம்பு முகமும் பழைய வீலின் துளை முகமும் ஒரே வடிவமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. பொருந்தாத முகத்தில் நட்டு இறுகியதுபோல் தெரிந்துவிட்டு ஓட்டத்தில் தளரும். நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, 50-லிருந்து 100 கி.மீ. ஓடிய பிறகு இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் சரிபார்த்துவிடுங்கள்.